விலை ஏற்றிப் பார்த்தேன்

எங்கள் வீட்டில் பேனா செய்தது அவர். விலை சொன்னது நான். இது கல்யாணத்தன்று பேசி முடித்த பங்கீடு அல்ல. அவர் வாயால் விலை சொன்னால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்பது முதல் சில பேனாக்களிலேயே தெரிந்துபோனதால் நானாக எடுத்துக்கொண்ட வேலை.

என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். அந்த வேலை முடிந்து கையில் கொஞ்சம் பணம் வந்தபோது, ஆட்டோ வாங்கு, மளிகை போடு என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, பழைய லேத் ஒன்றை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து பின்கட்டில் இறக்கினார். காரைக்காலில் கடல்காற்றுக்குக் கதவின் கீலே துருப்பிடிக்கும். இந்த இரும்பு மலையை எப்படிக் காப்பாற்றப் போகிறார் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் தினமும் எண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தார். என்னை ஒருநாள் அப்படிக் கவனித்திருப்பாரா என்று கேட்டால் சிரிப்பார்.

எபோனைட் என்பது கெட்டியாக்கிய ரப்பர். கறுப்புக் கம்பிகளாக வரும். அதைத் துண்டு போட்டு, லேத்தில் மாட்டிக் கடைந்து, உள்ளே துளைத்து, மூடிக்கு மரை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். கடையும்போது கருகிய டயர் வாடை வீடு முழுக்க அடிக்கும். மாவு மாதிரி ஒரு தூள் எங்கும் படியும். வெள்ளைத் துணி காயப்போட முடியாது. அந்தத் தூளை நான் துணிக்கு எதிரி என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

நிப்பை மட்டும் வெளியிலிருந்து வாங்குவார். அதையும் வந்தபடி போட்டுக் கொடுக்க மாட்டார். வாங்க வந்தவரை முன்னறை மேஜையில் உட்காரவைத்து எழுதச் சொல்வார். பேனா கையில் வந்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருவர் பிள்ளையார் சுழி போடுவார், ஒருவர் எழுநூற்று எண்பத்தாறு எழுதுவார், எங்கள் ஆட்கள் சின்னதாக ஒரு சிலுவை போடுவார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் ஒரே மாதிரி, தன் பெயரை எழுதிப் பார்ப்பார்கள். இவர் எழுத்தைப் பார்க்க மாட்டார், மணிக்கட்டைப் பார்ப்பார். கை சாய்கிற பக்கத்துக்கு நிப்பைத் தீட்டி, மறுபடி எழுதச் சொல்லி, மறுபடி தீட்டி, அது பிசிறில்லாமல் ஓடும்வரை விடமாட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேனா அந்தக் கைக்குத்தான். வேறு யார் எழுதினாலும் முரண்டு பிடிக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, "எவ்வளவுங்க?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பார். "எழுதறதுக்குப் புடிச்சிருக்குல்ல, பாத்துக் குடுங்க" என்பார். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் ஏலக் கணக்கு எழுதுகிற ஒருவர் வந்தார். ஈரக் கைக்கு வழுக்காத பேனா வேண்டும் என்றார். இவர் அதன் கழுத்தில் வரிவரியாகக் கோடு இழுத்துக் கொடுத்தார். அது மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடக்கிறது என்று அந்த மனிதர் பேச்சுவாக்கில் சொன்னதற்கே அவர் நீட்டிய பணத்தில் பாதியை இவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். தடைக்காலம் முடிந்து வஞ்சிரம் ஒன்று எங்கள் வாசலுக்கு வந்ததும், அதை நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதும் உண்மைதான். ஆனால் வீடு வஞ்சிரத்தில் ஓடாது.

அதனால் நான் உட்கார்ந்தேன். கம்பிக்கு இவ்வளவு, நிப்புக்கு, கிளிப்புக்கு, கரண்டுக்கு இவ்வளவு என்று போட்டுக்கொண்டு வந்து, "ஒங்க கைக்கு என்ன போடட்டும்?" என்று கேட்டேன்.

"கைக்கென்ன, அது சும்மாதானே கெடக்கு" என்றார்.

எண்ணூறு ரூபாய் என்று நான் முடிவு செய்தேன். அவருக்கு அது பகல் கொள்ளையாகத் தெரிந்தது. பேரம் நடக்கும்போது காது கேட்காத தூரத்துக்குப் போய்விடுவார். விற்பது எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. பேனாவை வந்தவர் கையிலேயே விட்டுவிட வேண்டும், திரும்ப வாங்கி வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டே பேரம் பேசுகிறவர் முக்கால்வாசி வாங்கிவிட்டார் என்று அர்த்தம். வக்கீல்கள் வந்தார்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் வந்தார்கள். விடுமுறைக்குப் பாரிசிலிருந்து வருகிறவர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வாங்கிப் போனார்கள். பெரிய வரும்படி இல்லை, ஆனால் கௌரவமாகச் சாப்பிட்டோம். மகளைக் கட்டிக் கொடுத்தோம்.

பிறகு அவருக்கு இருமல் வந்தது. பனி என்றோம், கடல்காற்று என்றோம். துளசி, மிளகு, ஆடாதொடை எல்லாம் ஆயிற்று. மாடிப்படி பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"நுரையீரல் இறுகிட்டு வருதும்மா. மில்லுல பஞ்சுத் தூசி, இப்ப இந்த ரப்பர்த் தூசி. போனது திரும்பாது. இருக்கறதக் காப்பாத்தணும்னா இனிமே தூசி பக்கமே போகக் கூடாது."

"போனா?" என்று கேட்டேன்.

"போனா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நல்ல பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

அன்றே பஸ்ஸில் திரும்பினோம். பூவத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். ஏதோ ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "அந்த வக்கீல் பேனாவுக்கு மூடி இன்னும் முடிக்கல" என்றார். வீடு வந்து சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கும்.

லேத் அறையின் ஃபியூசைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டேன். ஃபிட்டர் வீட்டில் ஃபியூசை ஒளித்து என்ன பயன்? ஒரு கம்பித் துண்டை வைத்து ஓட்டிவிட்டார். மகள் போனில் அழுதாள். மாதாகோயில் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார். இவர் எல்லோருக்கும் பழையபடி தலையாட்டினார். பிறகு ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். "வாங்க வந்தவங்கள எப்படித் திருப்பி அனுப்பறது?" என்பதுதான் அவருடைய ஒரே பதில். அவரை அந்த லேத்திலிருந்து இறக்க வேண்டும். இருக்கிற மூச்சாவது எனக்கு மிஞ்ச வேண்டும். வேறு எதுவும் அப்போது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வாங்க வந்தவர்களை அவர் திருப்பி அனுப்ப மாட்டார். சரி, யாரும் வராமல் செய்தால்? அது என் கையில்தானே இருக்கிறது. எண்ணூறை ஆயிரத்து ஐந்நூறு ஆக்கினேன். காரைக்காலில் ஒரு பேனாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு யார் கொடுப்பார்? இரண்டு மாதத்தில் மேஜை காலியாகும், லேத் நிற்கும், மனுஷர் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிப்பார் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் வந்தவர் ஒரு வக்கீல். "என்னக்கா, ஒரேயடியா ஏத்திட்டீங்க?" என்றார். "இஷ்டம்னா வாங்குங்க சார், இல்லன்னா பஜார்ல பத்து ரூபாய்க்கும் பேனா கெடைக்குது" என்றேன். இத்தனை வருஷத்தில் வந்தவர் முகத்தில் அடித்த மாதிரி நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி என்ன இருக்கு இதுல" என்று கேட்டுக்கொண்டே இரண்டு வாங்கிக்கொண்டு போனார். கோர்ட் வளாகம் முழுக்கக் காட்டியிருப்பார் போலிருக்கிறது. அடுத்த வாரம் வந்தவர்கள் விலையைக் கேட்டுத் திடுக்கிடவில்லை. அவ்வளவுதான் விலை என்று தெரிந்துகொண்டே வந்தார்கள்.

பாரிசிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் விலையைக் கேட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அடுத்து வந்தவரிடம் மூவாயிரம் என்றேன். அவர் யாரோ இளைஞர், செல்போனில் என் வீட்டுக்காரரின் கையையும் நிப்பையும் படம் பிடித்துக்கொண்டே மூவாயிரத்தைக் கொடுத்தார். அந்தப் படம் எங்கெங்கோ போயிருக்கிறது. பெங்களூரிலிருந்து போன் வந்தது, கோயம்புத்தூரிலிருந்து வந்தது. தூரத்து ஆட்கள் தாங்கள் எழுதுவதை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். இவர் அதைப் பார்த்து நிப்பைத் தீட்டினார். ஐயாயிரம் என்றேன். அதற்கும் வரிசையில் நின்றார்கள். எண்ணூறுக்குச் சாமானாக இருந்தது, ஐயாயிரத்துக்குச் செல்வமாகிவிட்டது. விலைபற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, இந்த ஒன்று தெரியாமல் போய்விட்டது.

அதைவிடப் பெரிய சங்கடம், அவர் சந்தோஷமாகிவிட்டார். கிழிந்த பனியனோடு வாடிக்கையாளர் முன்னால் வந்து நின்றவர், இப்போது சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். பேரம் நடக்கும்போது ஓடிப்போகாமல் கதவோரத்தில் நின்று கேட்டார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தன் வலதுகையை விரித்துப் பார்த்துக்கொண்டே, "இப்பத்தான்டி இந்தக் கைக்கு ஒரு வெல வந்திருக்கு" என்றார். குழம்பை ஊற்றிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். கண்ணைத் துடைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

அந்த ஐயாயிரங்களில்தான் ஆக்சிஜன் மெஷின் வாங்கினோம். மூச்சைக் கரைத்துப் பேனா செய்து, பேனாவை விற்று மூச்சு வாங்கிய குடும்பம் எங்கள் குடும்பம்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மணிநேரம் லேத், பிறகு முன்னறையில் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு ஒரு மணிநேரம். மறுபடி பின்கட்டு. வேகம் குறைந்துவிட்டது. முன்பு ஒரு நாளில் முடிந்தது இப்போது ஒரு வாரம் இழுத்தது.

சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பேனா சேர்க்கிறவராம். அடக்கமாகப் பேசினார், வேட்டி மடிப்புக்கூடக் கலையவில்லை. "சாருக்கு உடம்பு முடியலன்னு கேள்விப்பட்டேன் மேடம். இன்னும் எத்தனை பண்ணுவாருன்னு தெரிஞ்சா, அதை எல்லாம் நானே எடுத்துக்கறேன். பின்னாடி மதிப்பு ஏறும் பாருங்க."

"பின்னாடின்னா? எதுக்குப் பின்னாடி?" என்று கேட்டேன்.

கொண்டுவந்திருந்த பழக்கூடையை அவர் கையிலேயே கொடுத்து வாசல் வரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே வந்தால், இவர் குழாயோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். "பாவம், அவரு தப்பா என்ன சொல்லிட்டாரு. ஒரு வெல கேட்டாரு. பழத்தையாவது வாங்கி வச்சிருக்கலாம்" என்றார்.

அன்றுதான் என் பொறுமை உடைந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். பேனாவைக் கட்டிக்கொண்டு அழு, நான் ஒருத்தி இருக்கிறேன் என்ற நினைப்பே இல்லை, எனக்கு ஐயாயிரம் வேண்டாம், நீ வேண்டும் என்றெல்லாம். முப்பது வருஷமாக "நீங்க" என்று கூப்பிட்டவரை அன்று "நீ" என்று கூப்பிட்டுவிட்டேன். நான் ஓய்ந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"இங்க வந்து ஒக்காந்தா என்ன பண்றேன் தெரியுமா? மூச்ச எண்றேன். இது வந்துச்சு, அடுத்தது வருமான்னு. லேத்துல நின்னா அது ஞாபகத்துக்கே வராது. மரை சரியா வுழுவுதா, அதான் நெனப்பு. தூசி போவட்டும்டி. எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கச் சொல்லாத."

அதற்கு மேல் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துண்டை நானே அலசி, நானே கட்டிவிட்டேன். பின்கட்டில் லேத் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை சமையல் செய்தேன், துணி துவைத்தேன். சத்தம் நின்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டின் தகரக் கூரைமேல் கொட்டுகிற சத்தத்தில் லேத் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். அவராகவே எழுந்து வந்தார். கையை முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவியிருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் கை கழுவி நான் பார்த்ததில்லை. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, குழாயை மாட்டிக்கொண்டு, "போதும்டி" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விலையை ஏற்றினேன், ஃபியூசை ஒளித்தேன், மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அது வந்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. அவருக்கு மனசு மாறவில்லை. முடியவில்லை. அதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம்.

அதற்குப் பிறகு வீட்டில் மழையும் ஆக்சிஜன் மெஷினும்தான் சத்தம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபமாலை சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார்.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. போனில் கேட்டவர்களுக்கெல்லாம் ஏற்கெனவே இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பெங்களூரிலிருந்து கேட்டவரிடம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு, பேனா முடியாமல்போனால் கையை விரிக்கவும் மனசு வரவில்லை. அதனால் நானே ஒரு ஆர்டரை உண்டாக்கினேன். இவருக்கு எது பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? காசில்லாதவர் வந்து நின்றால் எழுந்துவிடுவார். திருவேட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பேனா கொடுக்க ஆசைப்படுகிறார்கள், ஆசிரியர்கள் கைக்காசு போட்டு வாங்குகிறார்கள், நிறைய கொடுக்க முடியாது என்று கதை கட்டினேன்.

மதியம் கஞ்சி கொடுக்கும்போது சொன்னேன். "இருவது பேனாவாங்க. அவசரம் இல்லையாம். தெனம் ஒரு மரை போட்டாக்கூடப் போதும். நான் சரின்னுட்டேன்."

எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

"என்ன வெல சொன்ன?"

"எண்ணூறுதான் தர முடியும்னாங்க. பாவம், புள்ளைங்களுக்குதானே."

"எண்ணூறுக்கு ஒத்துக்கிட்டியா?"

"ஒத்துக்கிட்டேன்."

"நீ?"

நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. குழாயைச் சரிசெய்து, முதுகைத் தடவிவிட்டேன். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"அன்னிக்கு நான் நிறுத்தணும்னு ஏத்துன. இன்னிக்கு நான் ஓட்டணும்னு எறக்குற. ஒனக்கு வெல வைக்கவே தெரியலடி."

"நான் எதுக்கு ஏத்துனேன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அந்த வக்கீல்கிட்ட நீ பேசினப்ப லேத்த நிறுத்திட்டுத்தான் கேட்டேன். வாங்க வந்தவங்கள நீ அப்படிப் பேச மாட்டியே."

"அப்ப ஏன் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"அவரு ரெண்டா வாங்கிட்டாரே" என்றார். "எனக்கு நல்லா இருந்துச்சு."

கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அவர் மடியில் முகத்தைப் புதைத்து அழுதேன். இத்தனை நாள் அவர் எதிரில் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தது அன்றோடு போயிற்று. அவர் என் தலையில் கையை வைத்திருந்தார். எபோனைட் கறுப்பு அந்த விரல் இடுக்குகளிலிருந்து எந்தச் சோப்புக்கும் போகாது. கொஞ்சநேரம் கழித்துச் சுவரிலிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அழுவாத. இவருகிட்ட பேரம் பேசிப் பாரு. நீ மூணு மாசம்னு ஆரம்பி. அவரு கொறைப்பாரு. வுடாத. ஒரு மாசத்துலயாவது வந்து நிக்கும்."

மறுநாள் காலைப் பூசைக்குப் போய் முழங்காலில் நின்றேன். மூன்று மாதம் என்று ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு வருஷம் என்று ஆரம்பித்தேன்.

பேரம் ஒரு வாரத்துக்குத்தான் படிந்தது.